பதினொன்றாம் குரல்

விசில் ஒருமுறை நீளமாக ஒலித்து அடங்கியது. உடனே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், முகாமில், ஆறு மணி எண்ணிக்கை தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு பெண்ணும் தன் எண்ணை உரக்கச் சொல்ல, அந்தச் சத்தம் காய்ந்த வாய்க்காலைத் தாண்டி, தென்னைகளுக்கு நடுவே தேய்ந்து தேய்ந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. "பத்து" என்றாள் பாத்திமா மேரி. நூறு பேர் கத்தினாலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். அதற்கு அடுத்து, கொஞ்சம் தயங்கி, "பதினொண்ணு" என்றது ஒரு குரல்.

கயல்விழிதான் பதினொன்று. அவள் வாயையே திறக்கவில்லை.

முகாமிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, ஆள் நடமாட்டம் விட்டுப்போன ஒரு மோட்டார் கொட்டகையின் வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நொடி யாரென்று புரியவில்லை. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடிப்பாவி! மேரியேதான். மூக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது எத்தனை முறை இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்! நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள், சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். கயல்விழிக்குத் தோழியின் மேல் பெருமையாகக்கூட இருந்தது.

சாரணியர் முகாம் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மூன்று நாளாக நடந்துகொண்டிருந்தது. இருபத்து நான்கு பெண்கள், மூன்று அணிகள், மாநில அளவிலான ராஜ்யபுரஸ்கார் விருதுக்கான தேர்வு. முதல் நாள் முடிச்சுகள், இரண்டாம் நாள் வாய்க்கால் கரையோரமாகப் பத்து கிலோமீட்டர் நடை, பறவை பார்ப்பது, செடி அடையாளம் சொல்வது. இன்று கடைசி நாள். சாயங்காலம் பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு அணியும் தீ மூட்ட வேண்டும். இரண்டே தீக்குச்சி. மண்ணெண்ணெய் கூடாது, காகிதம் கூடாது. தாமரை அணிக்கு மேரி தலைவி. முந்தின இரவு கொட்டிய கோடை மழையில் அவர்கள் பொறுக்கி வைத்திருந்த சுள்ளி மொத்தமும் ஊறிக் கிடந்தது. மேரி மத்தியானத்திலிருந்து அழாத குறை. இந்த விருது இருந்தால் நர்சிங் படிப்பில் இடம் கிடைப்பது சுலபம் என்று யாரோ அவள் தலையில் ஏற்றிவிட்டிருந்தார்கள், அதையே பிடித்துக்கொண்டு இரண்டு வருடமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரு மோட்டார் கொட்டா இருக்குடி, நேத்து நடக்கும்போது பாத்தேன்" என்று ஐந்தரை மணிக்குக் காதைக் கடித்தாள். "உள்ள பன்னாடை அடுக்கி வெச்சிருக்கு. மொறுமொறுன்னு காஞ்சு கெடக்கு. ஒரு கட்டு போதும்."

"அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கல்ல?"

"நான் பாத்துக்கறேன்டி. எனக்காகப் போ. ப்ளீஸ்டி."

தென்னை மட்டையின் அடியில் சல்லடைத் துணி மாதிரி சுற்றியிருக்குமே, அதுதான் பன்னாடை. பொறி பட்டால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். மேரி கேட்டு கயல்விழி எதை மறுத்திருக்கிறாள்? கூடாரங்களுக்குப் பின்னால் நழுவி, வாய்க்காலுக்குள் இறங்கி ஏறி, இந்தக் கரைக்கு வந்துவிட்டாள்.

வந்த பிறகுதான் இந்த இடம் பிடிக்கவில்லை. கஜா புயலில் அடிபட்ட தோப்பு. அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்திப் புதுக் கன்று வைத்துவிட்டார்கள். இதை மட்டும் யாரும் தொடவில்லை. விழுந்தவை விழுந்தபடியே மக்கிக் கிடந்தன, நின்றவை கொண்டை முறிந்து வெறும் கம்பங்களாக நின்றன, வரிசை வரிசையாக, தலையில்லாமல், அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பங்களின் நிழல்கள் கொட்டகைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. உட்கார ஓலை இல்லாத மரத்துக்கு எந்தப் பறவை வரும்?

உள்ளே வௌவால் எச்சத்தின் நெடியும் பழைய கிரீஸ் நாற்றமும் கலந்து அடித்தன. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அது உட்கார்ந்திருந்த சிமெண்ட் மேடை மட்டும் மிச்சம். மேரி சொன்னது சரி, மூலையில் இடுப்பளவு பன்னாடை அடுக்கியிருந்தது. கட்டுவதற்குக் கயிறு இல்லை. கயல்விழி கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து மேடை மேல் விரித்து வைத்துவிட்டு, அடுக்கிலிருந்து ஒன்றைப் பிடித்து இழுத்தாள். ஒன்றோடொன்று சிக்கியிருந்ததால் சர்ரென்று கிழியும் ஓசையோடு வந்தது.

சர்ர்.

கொட்டகைக்குப் பின்புறம் அதே ஓசை.

எதிரொலி என்று நினைத்தாள். அடுத்ததை இழுத்தாள். சர்ர். கொஞ்சம் பொறுத்து, சுவருக்கு அந்தப் பக்கம், சர்ர். எதிரொலி இவ்வளவு சாவகாசமாகவா வரும்? மூன்றாவதைப் பிடித்தாள், இழுக்கவில்லை, பிடித்தபடி அப்படியே நின்றாள். பின்பக்கம் அந்த ஓசை வந்தது. அவள் இழுப்பதற்கு முன்பே வந்தது.

"யாரு?" என்றாள். நேற்று முழுக்க முகாம் பாட்டுப் பாடித் தொண்டை கட்டியிருந்ததால் குரல் கரகரத்துத்தான் வந்தது. "மேரி அனுப்பிச்சாளா?"

மேரி இன்னொருத்தியையும் அனுப்பியிருப்பாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கையில் கிடைத்த பன்னாடைகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஸ்கார்ஃபை எடுக்கத் திரும்பினாள்.

மேடை வெறுமையாக இருந்தது.

காற்று இல்லை. மேடைக்குக் கீழே பார்த்தாள், பின்னால் பார்த்தாள். தூசியில் அந்தத் துணி விரிந்திருந்த முக்கோணம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. யாரோ பொறுமையாக, ஒரு ஓசையும் இல்லாமல், அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள்? எட்டிப் பிடித்தால் தொடும் தூரம். போனால் போகிறது ஸ்கார்ஃப், டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம். அவள் வெளியே வந்து திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், நடை ஓட்டமானது, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஓடினாள். பன்னாடையின் சிலாம்பு கழுத்தில் குத்தியதுகூடத் தெரியவில்லை.

வாய்க்காலுக்குள் இறங்கியபோது வெளிச்சம் பாதி போய்விட்டிருந்தது. மேட்டூரில் தண்ணீர் திறக்க இன்னும் நாள் இருக்கிறது, நடுவில் மட்டும் ஒரு குட்டை தேங்கிக் கிடந்தது. போகும்போது அதில் கெண்டைக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்று, பாவம் என்று நினைத்துவிட்டுத்தான் போனாள். இப்போது அத்தனையும் வயிறு மேலாகக் கிடந்தன. அரை மணி நேரத்தில் எப்படி? சேற்று நாற்றமும் செத்த மீன் நாற்றமும் சரிவான சிமெண்ட் சுவர்களுக்கு நடுவே மூச்சு முட்டத் தேங்கி நின்றன. மேலே விசில் அடித்தது. ஆறரை மணி.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஏறாமல் நின்று கேட்டாள். மேரி சமாளிப்பாள், சமாளிக்கட்டும்.

"பத்து!"

"பதினொண்ணு!"

இந்த முறை தயக்கம் இல்லை. மேரியின் பத்து முடிவதற்குள்ளேயே பதினொன்று வந்து அதன் மேல் விழுந்தது. ஒரு வாய் இரண்டையும் சொல்ல முடியாது. சரி, வேறு யாரையோ சொல்ல வைத்திருக்கிறாள். ஆனால் அந்தக் குரல் கரகரத்தது. தொண்டை கட்டிய குரல். கடைசி எழுத்தை இழுத்து விடும் விதம். வீட்டில் அம்மா கேலி செய்யும் அதே இழுவை.

அது அவளுடைய குரல்.

கயல்விழி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தானேதான் சொல்லிவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. எண்ணிக்கை இருபத்து நான்கு வரை ஒழுங்காக ஓடி முடிந்தது. ஃபிளோரா டீச்சர் "சரி, உக்காருங்க" என்று சொன்னது வரை கேட்டது.

கரை ஏறியதும் முகாம் தெரிந்தது. நடுவில் தீ எரிந்துகொண்டிருந்தது. நின்றுவிட்டாள். தாமரை அணியின் தீ, தாமரை அணிக்குக் குறித்த இடத்தில், ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. காய்ந்த பன்னாடை மொத்தமும் இவள் கையில். அங்கே இருந்ததோ ஊறிய விறகு. எதை வைத்து மூட்டினார்கள்? ஈர விறகு எரிந்தால் புகையும், சீறும், கண்ணைக் கரிக்கும். இந்தத் தீயில் சத்தமே இல்லை. பெற்றோர் பாயில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர் நெடுமாறன் சார் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பாயின் ஓரத்தில் அம்மா விஜயலட்சுமி. கயிற்று ஆலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வெளியே போகவென்று வைத்திருக்கும் ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கயல்விழிக்கு அழுகை வந்தது. இனி என்ன பயம்? ஓடிப்போய் அந்த மடியில் விழுந்துவிட்டால் போதும். யார் திட்டினாலும் திட்டட்டும்.

காலை எடுத்து வைத்தாள். அப்போதுதான் வட்டத்தைப் பார்த்தாள்.

தீயைச் சுற்றிப் பெண்கள். மேரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் கயல்விழியின் இடம்.

காலியாக இல்லை.

இரட்டைப் பின்னல். நீலச் சீருடை. கழுத்தில் ஸ்கார்ஃப். நேராக உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரும் கைதட்டும்போது அதுவும் தட்டியது, மற்றவர்கள் நிறுத்தி ஒரு தட்டு கழித்து நிறுத்தியது.

"மேரி" என்று கூடாரத்தின் நிழலிலிருந்து கூப்பிட்டாள். கூப்பிட்டது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மேரிக்குக் கேட்டது. விறகெடுக்க எழுந்தவள்போல எழுந்து வந்தாள். நான்கடி தள்ளியே நின்றுகொண்டாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அங்கயே நில்லுடி. வெளிச்சத்துக்கு வராத."

"யாருடி அது? என் எடத்துல உக்காந்துருக்கிறது யாரு?"

"கத்தாத. பக்கத்து ஊரு புள்ள. வேடிக்க பாக்க வந்தா, நான்தான் புடிச்சு உக்கார வெச்சேன். தல எண்ணுறப்ப எடம் காலியா இருந்தா அணியையே தூக்கிருவாங்கடி."

"என் ஸ்கார்ஃபு?"

"எங்கிட்ட ஒண்ணு கூடுதலா இருந்துச்சு."

ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். அது இருவருக்கும் தெரியும். கயல்விழி கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மேரியின் கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணீர்க் கோட்டைப் பார்த்தாள், பாவம் என்று நினைத்தாள். இந்தப் பாழாய்ப்போன மனசு அப்படித்தான், பயத்திலும் அவளுக்காகவே உருகியது.

"அம்மா வந்துருக்காங்க மேரி. நான் போறேன்."

"ஏழு மணிக்கு ஒரு எண்ணிக்க இருக்கு. அது ஒண்ணு மட்டும் போயிரட்டும். சார் அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போடுவாரு. நீ இப்ப வந்து நின்னா இருபத்தஞ்சு ஆயிரும், எல்லாரும் மாட்டிக்குவோம். உங்கம்மா மானமும் போயிரும்." மேரி முதன்முறையாக அவள் கண்ணைப் பார்த்தாள். "எனக்காகடி. ஒரே ஒரு தடவ. நான் உன்ன எப்பயாச்சும் கைவிட்ருக்கேனா?"

இல்லை. விட்டதில்லை. அம்மை போட்டுக் கிடந்தபோது தினமும் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பாடம் படித்துக் காட்டியவள் மேரி. கயல்விழி தலையாட்டினாள். பன்னாடையைக் கீழே போட்டுவிட்டுக் கூடாரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேரி ஒரு விறகுகூட எடுக்காமல் திரும்பி நடந்தாள்.

கால் மணி நேரம். பாட்டுப் பாடினார்கள். நாடகம் போட்டார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டுத் தன் மகள் சிரிக்கிறாளா என்று வட்டத்தைப் பார்த்தாள். எதைப் பார்க்கிறாள்! கயல்விழியின் நகம் கயிற்றில் பதிந்தது. காற்று திரும்பி, எங்கிருந்தோ கொஞ்சம் புகை அந்த உருவத்தின் முகத்துக்கு நேராகப் போனது. பக்கத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்கள். அது திருப்பிக்கொள்ளவில்லை. மெல்லத் தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, கூடாரத்தின் நிழலைப் பார்த்தது.

அவளுடைய மூக்கு. அவளுடைய புருவம். நெற்றியில் அவள் காலையில் வைத்த பொட்டு. புகை நேராகக் கண்ணுக்குள் போகிறது. கண் திறந்தே இருக்கிறது. இமைக்கவில்லை.

பக்கத்து ஊர்ப் பெண் இல்லை.

"அம்மா!" என்று கத்த வாயெடுத்தாள். விசில் அடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. இப்போது பக்கத்தில். காதுக்குள். ஏழு. எட்டு. ஒன்பது.

"பத்து."

கயல்விழியின் உதடு தானாக விரிந்தது. நாக்கு எழுந்தது. தன் எண்ணைத் தானே சொல்லிவிட வேண்டும், அது சொல்வதற்கு முன்னால். மூச்சை இழுத்தாள். சொன்னாள். முழு பலத்தோடு சொன்னாள்.

"பதினொண்ணு" என்ற சத்தம் அங்கே வந்தது. தீக்கு அருகில். அதன் வாயிலிருந்து.

அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தொண்டையில் கைவைத்துப் பார்த்தாள். அதிர்வே இல்லை.

"இருபத்து நாலு" என்று எண்ணிக்கை முடிந்தது. நெடுமாறன் சார் பேனாவை மூடி, அட்டையை டீச்சரிடம் கொடுத்தார்.

கயல்விழி ஓடினாள். வட்டத்துக்குள் ஓடினாள். வெளிச்சத்துக்குள், தீக்கு முன்னால், அத்தனை பேர் கண்முன்னால் போய் நின்றாள். யாரும் பார்க்கவில்லை. ஃபிளோரா டீச்சரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். டீச்சர் கொசுவென்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொண்டார். தீயின் சூடு உறைக்கவில்லை. அம்மாவிடம் போனாள். அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டிருந்தாள், எதிரே மகள் அழுதுகொண்டு நிற்க, மகளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கயலு, வாடி, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள்.

அது எழுந்து வந்தது. மேரியின் கையைப் பிடித்தபடி வந்தது.

அம்மா அதன் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையைச் சட்டென்று எடுத்தாள். "என்னடி, கன்னமெல்லாம் இப்படி ஜில்லுன்னு கெடக்கு? தலையில என்ன, கவுச்சி வாட அடிக்குது?"

அம்மா, அது நான் இல்லை. அம்மா. அம்மா.

விஜயலட்சுமி தலையைத் திருப்பினாள். கயல்விழி நின்ற இடத்தையே, அந்த இடத்தையே, உற்றுப் பார்த்தாள். கண் சுருங்கியது. முகத்தில் ஏதோ கலக்கம். கயல்விழி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மேரி, யாரோ அம்மான்னு கூப்புட்டாப்ல இல்ல?"

மேரிக்கும் அந்தக் குரல் கேட்டது. அவள் கண் கயல்விழியின் முகத்தில்தான் இருந்தது. நீட்டிய கைகளைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும், பெற்ற தாய் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றாள்.

"ஆந்த, அத்த" என்றாள் மேரி. "சாயங்காலமானா கத்தும். இவ வாய்க்காத் தண்ணில கால வெச்சுட்டா, அதான் ஜில்லுன்னு இருக்கா. வீட்டுக்குப் போயி சுடுதண்ணி வெச்சுக் குடுங்க."

அம்மா நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? மேரி சொன்னால் வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. பையிலிருந்த துண்டை எடுத்து அதன் தலையைச் சுற்றிப் போர்த்தி, தாடைக்குக் கீழே செருகிவிட்டாள். தன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினாள். அது பின்னால் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் இடுப்பை இரண்டு கைகளாலும் வளைத்துக்கொண்டு, முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டது. கயல்விழி பின்னாலேயே ஓடினாள், தார் ரோடு வரைக்கும் ஓடினாள், காலில் கல் குத்தவில்லை, மூச்சு வாங்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பின்விளக்கின் சிவப்பு, தோப்புகளுக்கு நடுவே சின்னதாகி, வளைவில் மறைந்தது.

திரும்பி வந்தபோது பெற்றோரெல்லாம் போயிருந்தார்கள். மிச்சப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் ரோட்டோரம் இரைந்துகொண்டிருந்தது. தீ இருந்த இடத்தில் மேரி மட்டும் தனியாக இருந்தாள். முகாம் கலைந்தால் தலைவிக்குக் கடைசியாக ஒரு வேலை உண்டு, அதற்கும் மதிப்பெண் உண்டு. தீயைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, சாம்பலைப் புதைத்து, மண்ணைச் சமன்செய்து, அங்கே ஆட்கள் தங்கினார்கள் என்பதே தெரியாமல் தடம் அழித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மேரி ஒரு பச்சைத் தென்னங்கீற்றைக் கையில் எடுத்து, பின்னோக்கி நடந்தபடி பெருக்க ஆரம்பித்தாள். கூடாரக் குழிகள் மறைந்தன. பாய் விரித்த அச்சு மறைந்தது. கயல்விழி அவள் முன்னால் போய் நின்றாள். அடிக்க வேண்டும் என்று இருந்தது. முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று இருந்தது. காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும் என்றும் இருந்தது.

மேரி நிமிரவில்லை. பெருக்கிக்கொண்டே, தரையோடு பேசுவதுபோலப் பேசினாள்.

"மொத குச்சி அணஞ்சு போச்சுடி. ரெண்டாவதும் அணையப் பாத்துச்சு. அப்பதான் அது பக்கத்துல வந்து உக்காந்துச்சு. பதினொண்ணுன்னு நீ சொன்னத கேட்டுட்டுத்தான் வந்தேன்னு சொல்லுச்சு. தீய நான் மூட்டித் தரேன்னு சொல்லுச்சு."

சர்ர், சர்ர் என்று கீற்று மண்ணில் இழுபட்டது.

"இன்னும் ரெண்டு எண்ணிக்க போதும், அதுவரைக்கும் அவள வரவிடாம நிறுத்தி வைன்னு கேட்டுச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நிறுத்தி வெச்சேன்."

வேன் ஹாரன் அடித்தது. "மேரி, முடிச்சிட்டியா?" என்று ஃபிளோரா டீச்சர் கூப்பிட்டார்.

"இதோ மிஸ், இன்னும் கொஞ்சூண்டுதான்!"

அந்தக் குரலில் அழுகை இல்லை. கயல்விழி நின்ற இடத்துக்கு வந்தாள். கீற்று நிற்கவில்லை, சுற்றிக்கொண்டும் போகவில்லை. வலமும் இடமுமாக, நிதானமாக, அவள் கால்கள் இருந்த இடத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டு மேரி பின்னால் நகர்ந்தாள். கயல்விழி குனிந்து பார்த்தாள். தன் இரண்டு பாதங்களுக்கு அடியில், ஈர மண்ணில், ஈர்க்குக் கோடுகள் ஒன்றுகூட அறுபடாமல் நேராக ஓடியிருந்தன.